யாருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டது ஒரு குற்றமா?

நேற்று மூன்றரை மணிக்குத் தொடங்கிய கூட்டம் ஆறு மணிக்கு முடிந்தபோது, மளிகைக் கடைகளுக்காக நாங்கள் உருவாக்கப்போகும் செயலியின் பெயர், அதன் சின்னத்தில் இடம்பெறும் இலையின் பச்சை, அறிமுக விழாவுக்கான மண்டபம் ஆகிய அனைத்தும் முடிவாகிவிட்டன; அது யாருடைய எந்தத் தொல்லையைத் தீர்க்கப்போகிறது என்பது மட்டும் முடிவாகவில்லை. உங்கள் அலுவலகத்திலும் இதே கூட்டம் நடந்திருக்கும். இலை மட்டும் வேறு நிறத்தில் இருந்திருக்கும்.

நான் கேட்காமல் இல்லை. "இது யாருக்கு, சார்?" என்றேன். "எல்லோருக்கும்" என்றார் எங்கள் இயக்குநர். "எல்லோருக்கும் என்ன கஷ்டம்?" என்றேன். "எல்லாமே கஷ்டம்தானே!" என்றார். நான்கு பேர் தலையசைத்தார்கள்; ஒருவர் அதைக் குறித்தும் வைத்துக்கொண்டார். அந்த அறையில் தெளிவான வரையறை இருந்தது சமோசாவுக்கு மட்டும்தான்: தலைக்கு இரண்டு.

சென்ற வாரம் நான்கு மாலைகள் தெருமுனை அண்ணாச்சி கடையில் நின்று பார்த்துவிட்டு வந்தவன் என்பதால் விடவில்லை. ஆறு மணிமுதல் எட்டு மணிவரை கல்லாவின் முன் கூட்டம் நெரிக்கையில், வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளாக வந்து விழும் சாமான் பட்டியல்களைக் கேட்டு எழுத அவருக்கு ஆளில்லை. கடை அடைக்கும் நேரத்தில் அவர் அவற்றைக் கேட்பதற்குள் வாடிக்கையாளர் வேறு கடையில் வாங்கிவிடுகிறார். யார், எப்போது, எதனால் இழக்கிறார் என்பதெல்லாம் இதில் இருக்கிறதே என்றேன். "நீங்கள் மிகவும் சின்னதாக யோசிக்கிறீர்கள்" என்று பதில் வந்தது.

பொறுக்க மாட்டாமல் அமெரிக்காவின் ஜூசேரோ கதையை எடுத்தேன். 2016-இல் 699 டாலர் விலையில் வந்த அந்தப் பழச்சாறு இயந்திரம் பிழிவதற்கென நறுக்கிய பழங்களை அடைத்து விற்ற பையை வெறுங்கையாலேயே பிழிந்துவிடலாம் என்று 2017 ஏப்ரலில் செய்தி வெளியானது. செப்டம்பரில் நிறுவனம் கடையைக் கட்டியது. இயக்குநர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதில் ஏஐ இருந்ததா?" என்றார். இல்லை என்றேன். "அதனால்தான்" என்று அடுத்த சமோசாவை எடுத்தார்.

இரவு கூட்டக் குறிப்பு வந்தது. 'தீர்வு' என்ற கட்டத்தில் 'செயலி' என்றும், 'சிக்கல்' என்ற கட்டத்தில் 'நம்மிடம் இன்னும் செயலி இல்லை' என்றும் எழுதியிருந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டுத்தான் அடுத்த கட்டத்தைப் பார்த்தேன். அதன் தலைப்பு 'பொறுப்பு'. அதில் என் பெயர்.