கேட்கத் தெரியாமல் கேட்ட ஒரு கேள்வி

டிசம்பர் பிறந்தால் எனக்கு ஒரு அக்காவின் முகம் நினைவுக்கு வரும். நான் எம்.பி.பி.எஸ். முடித்து, நாகைக் கடற்கரைப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சுனாமி வந்து போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நெஞ்சை அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று அவர் ஓ.பி.க்கு வந்தார். இ.சி.ஜி. சரியாக இருந்தது. பிரஷர், சுகர் எல்லாமே சரி. "ஒண்ணுமில்லக்கா, கேஸ்தான்" என்று மாத்திரை எழுதி அனுப்பினேன். நாலு நாளில் மறுபடி வந்தார். அவர் மஞ்சப்பையில் வைத்திருந்த பழைய சீட்டுகளை அன்றைக்குத்தான் வாங்கிப் பார்த்தேன். எல்லாம் டிசம்பர் கடைசி, இல்லாவிட்டால் ஜனவரி முதல் வாரம்.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற வேகத்தில், "அன்னைக்கு என்னக்கா நடந்துச்சு? மனசுல இருக்கிறதெல்லாம் சொல்லிடுங்க, பாரம் குறையும்" என்றேன். வெளியே அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். நடுவில் ஒரு துணித்திரை மட்டும். அவர் சொன்னார். பிள்ளையின் கை நழுவியது வரைக்கும் சொன்னார். அங்கே பேச்சு நின்றுவிட்டது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. விரல்கள் விறைத்துக்கொண்டன. எனக்குக் கைகால் ஓடவில்லை. ஊசி போட்டுப் படுக்க வைத்தேன். சாயங்காலம் எழுந்து போனவர் அப்புறம் என்னிடம் வரவே இல்லை.

எனக்கு அக்கறை இல்லாமல் அது நடக்கவில்லை. பயிற்சி இல்லாமல் நடந்தது. மருத்துவக் கல்லூரியில் மனநலத் துறையில் நான் இருந்தது இரண்டே வாரம். அதில் பேரதிர்ச்சிக்கு ஆளானவரிடம் எப்படிப் பேசுவது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. எதைக் கேட்கக் கூடாது, எப்போது நிறுத்த வேண்டும் என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

பேரிடர் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது பலன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. அதைச் செய்ய வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும். ஆண்டுகள் கழித்து வருகிறவர்களுக்கு நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. அவற்றிலும் எடுத்த எடுப்பில் கதைக்குள் இறங்குவதில்லை. இந்த அறை பாதுகாப்பானது என்று முதலில் அவர் உடம்பு நம்ப வேண்டும். படபடப்பு ஏறும்போது மூச்சை நிதானப்படுத்தவும், பாதம் தரையில் பதிந்திருப்பதை உணரவும் அவருக்குக் கைவர வேண்டும். நினைவைத் தொடுவது அதற்கப்புறம்தான். அதையும் அவர் சம்மதத்தோடு, அவர் வேகத்தில் செய்ய வேண்டும்.

"இதெல்லாம் சைக்கியாட்ரிஸ்ட் வேலை, ரெஃபர் பண்ணிவிட வேண்டியதுதானே" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சரி, ஆனால் இவர்கள் முதலில் வருவது நம்மிடம் அல்லவா? தீராத வயிற்றுவலி என்று சர்ஜரிக்கும், வெள்ளைப்படுதல் என்று மகப்பேறுப் பிரிவுக்கும், தலைவலி என்று மெடிசின் ஓ.பி.க்கும் வருகிறார்கள். அமெரிக்காவின் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி பொது மருத்துவர்தான். 1980-களில் அவர் நடத்திய உடற்பருமன் சிகிச்சையில், எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். ஏன் என்று விசாரித்தபோது பலருக்குச் சிறுவயதில் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரியவந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு. குழந்தைப் பருவக் கொடுமைகளுக்கும் பிற்கால இதய நோய், நுரையீரல் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று அதன் முதல் கட்டுரை 1998-இல் வெளிவந்தது.

ஜெர்மனியில் குடும்ப மருத்துவராகச் சிறப்புத் தகுதி பெற நினைப்பவர் உளம்-உடல் சார்ந்த 80 மணி நேரப் பயிற்சியை முடித்தாக வேண்டும். அதில் பாடம் 20 மணி நேரம்தான். 30 மணி நேரம் நோயாளியிடம் பேசும் முறைக்கு. மீதி 30 மணி நேரம் பாலின்ட் குழுவுக்கு. உளப்பகுப்பாய்வாளரான மைக்கேல் பாலின்ட் 1950-களில் லண்டனில் பொது மருத்துவர்களை உட்காரவைத்துத் தொடங்கிய முறை அது. ஒரு மருத்துவர் தன்னை அலைக்கழித்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். அந்த நோயாளி உனக்குள் என்ன செய்தார் என்று மற்றவர்கள் சேர்ந்து யோசிப்பார்கள். எனக்கு அன்றைக்கு அப்படி ஒரு வட்டம் இருந்திருந்தால் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

நம் ஊரில் இரண்டு நாள் ஒர்க்‌ஷாப், ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ என்று முடிந்துவிடுகிறது. எனக்கு இது கோபமாகவே வருகிறது. இரண்டு நாளில் யாரையும் சிசேரியன் செய்ய விடுவோமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில நேரம் காயப்படுத்துவது நம் கையேதான். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணிடம், உடலுறவுக்குப் பழகியவரா என்று பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் பரிசோதனை செய்வதை 2013-இல் உச்ச நீதிமன்றம் தவறு என்றது. அப்படியும் நிற்கவில்லை. 2022 அக்டோபரில், அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றம் புரிந்தவர் என்று தீர்ப்பில் எழுதி, மருத்துவப் பாடத்திட்டத்தையும் திருத்தச் சொல்ல வேண்டிவந்தது. தீர்ப்பு ஒரு பரிசோதனையை நீக்கலாம். "இப்ப தொடப்போறேன்மா, வேண்டாம்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி நிறுத்தவும் செய்கிற பழக்கம் பயிற்சியில்தான் வரும். பிரசவ அறையிலும் அது வேண்டும்.

முதுநிலை மருத்துவ மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணிபுரிய வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. பேரதிர்ச்சிக்கு ஆளானவரிடம் பேசும் பயிற்சியை அங்கேயே தொடங்கலாம். மெடிசின், மகப்பேறு, குழந்தைகள் நலம், எமர்ஜென்சி என எல்லாத் துறையினரையும் வாரம் ஒரு மதியம், டியூட்டி நேரத்திலேயே, அனுபவமுள்ள ஒரு மனநல மருத்துவரோடு உட்காரவையுங்கள். தமிழில் பேசிப் பழகட்டும். எத்தனை பிரசவம் பார்த்தோம் என்று எழுதும் அதே லாக் புக்கில், இப்படி ஒரே ஒரு நோயாளியை மேற்பார்வையோடு ஓராண்டு முழுக்கப் பார்த்த பதிவும் இருக்கட்டும். அந்த ஓராண்டில் ஒரு டிசம்பராவது வரும்.