முடிவைச் சொல்லியே உயிரை வாங்குகிறார்கள்

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் 'தி டார்க் டவர்' (இருண்ட கோபுரம்) நாவல் வரிசையில் முதல் புத்தகம் 1982இல் வந்தது, ஏழாவது 2004இல். இத்தனை வருஷம் கழித்தும் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. காந்தி சிலைப் பக்கம் போனால் போதும், அந்தக் கதையின் முடிவு சரியா தப்பா என்று நம்ம கூட்டாளிகள் ஆரம்பித்துவிடுவார்கள். "ஏழு புத்தகம் படிக்க வச்சு ஏமாத்திட்டாருடா" என்பான் ஒருத்தன். "உனக்குப் புரியல மச்சான்" என்று சுண்டல் பொட்டலத்தோடு எழுந்தே நிற்பான் இன்னொருத்தன்.

நான் இன்னும் நாலாவது புத்தகத்தில்தான் இருக்கிறேன் என்று கத்தினாலும் காதில் ஏறாது. கோபுரத்தின் கடைசிக் கதவுக்குப் பின்னால் என்ன என்பதுவரை இப்போது எனக்கு மனப்பாடம். இத்தனைக்கும் கிங்கே அந்தக் கடைசிப் பகுதிக்கு முன்னால், இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று வாசகரை எச்சரித்திருக்கிறாராம். இதையும் இவனுங்கதான் சொன்னானுங்க!

'பொன்னியின் செல்வன்' முடிந்தபோதும் வாசகர்கள் குறைப்பட்டார்கள். கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொன்னார், சரி. இங்கே யார் வந்து சொல்வது? பிடித்ததோ பிடிக்கவில்லையோ, நான் படித்து முடிக்கிறவரை வாயை மூடுங்களேன். நேற்று ஒருத்தன் என்னிடமே கேட்கிறான்: "சரி, நீ சொல்லு, முடிவு எப்படி?"