உட்கார வேண்டியதுதானே!

அந்தப் போட்டோ விஷயமாக இனி யாரும் இன்பாக்ஸில் வந்து சமாதானம் பேச வேண்டாம். மூன்று நாளாகப் பேசிவிட்டீர்கள். ‘விடுங்கக்கா, விளையாட்டுக்குப் போட்டது’, ‘பெரிசு பண்ணாதீங்க’, ‘குடும்பம்னா அப்படித்தான்’. சரி, குடும்பம் என்றால் அப்படித்தான். அந்தக் குடும்பத்தில் எனக்கும் ஒரு ரேஷன் கார்டு இருப்பதால் என் பக்கத்தையும் எழுதிவிட்டுப் போகிறேன்.

விஷயம் தெரியாதவர்கள் கடந்து போய்விடலாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும். குளித்தலைக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடி, எங்கள் வெள்ளை ஆம்னி வேன், அடுப்பில் பால், அதன் முன்னால் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு நான். கீழே எழுத்து: ‘ரோட்டோரக் குடித்தனம். வயசான காலத்துல வீட்டுல உட்கார வேண்டியதுதானே!’ அதற்கு நாற்பத்து மூன்று சிரிப்பு. எண்ணினேன். ஆமாம், உட்கார்ந்து எண்ணினேன்.

எடுத்தது யார் என்று சொல்லப்போவதில்லை. இந்தப் பதிவு அதற்காக இல்லை.

நைட்டிக்காகவும் இல்லை. காலை ஆறு மணிக்குப் பால் வாங்க வாசலுக்கு வரும் பெண்கள் நம் பக்கத்தில் பட்டுப்புடவையிலா வருகிறார்கள்? நைட்டிமேல் துண்டு என்பது டெல்டாவின் சீருடை. என் கோபமெல்லாம் அந்த ‘உட்கார’ என்ற ஒரு சொல்லின் மேல்தான்.

உட்காரச் சொல்லி யாருக்குப் பாடம் எடுக்கிறீர்கள்? திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் வாழ்க்கைப்பட்டவள் நான். உட்கார்ந்து காத்திருப்பதுதான் எங்கள் ஊரின் தொழிலே. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பார்களா மாட்டார்களா என்று காத்திருப்போம். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்கவேயில்லை. திறந்தாலும் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து, மதகு மதகாக இறங்கி எங்கள் வாய்க்காலுக்கு வரும்போது மிச்சம் மீதிதான் வரும். சில வருஷம் அதுவும் வராது. ஊர் உலகமெல்லாம் விடிந்தால் கிழக்கே பார்த்துக் கும்பிடும். என் மாமனார் வாய்க்கால் கரையில் துண்டை விரித்து மேற்கே பார்த்து உட்கார்ந்திருப்பார், தலைப்புத் தண்ணீர் வருகிறதா என்று. கடைசிவரை அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. மேட்டூரைக்கூடப் பார்த்ததில்லை.

நானும் என் வீட்டுக்காரரும் போய்ப் பார்த்தோம், அவ்வளவுதான் நாங்கள் செய்த குற்றம். பூம்புகாரில் கடலில் கால் நனைத்துவிட்டு மாயவரம், கும்பகோணம், திருவையாறு, கல்லணை, முக்கொம்பு, கொடுமுடி, பவானி கூடுதுறை, மேட்டூர் என்று ஆற்றைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறி, தலைக்காவிரி வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். பத்தொன்பது நாள். இதையே காசி ராமேஸ்வரம் என்று சொல்லியிருந்தால் மாலை போட்டு, வழிக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பீர்கள். வேன் என்றதும் நாடோடி ஆகிவிட்டோம். வெள்ளைக்காரத் தம்பதி வண்டியில் குடியிருந்து ஊர் சுற்றினால் யூடியூபில் பார்த்து ‘ஆகா, வாழ்றாங்கடா’ என்கிறீர்கள். பக்கத்துக் கேரளாவில் 2021இல் அரசாங்கமே கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கை போட்டிருக்கிறது. எங்களுக்கு மட்டும் ரோட்டோரக் குடித்தனமா?

‘ரோட்டில் சோறாக்கித் தின்கிறார்கள்’ என்று ஒரு பெரிய மனுஷர் எழுதியிருந்தார். மாமா, 2018 நவம்பர் 16 ஞாபகம் இருக்கிறதா? கஜா புயல் அடித்த மறுநாள் நம் ஊரே ரோட்டில்தான் சோறாக்கியது. விழுந்த தென்னைமட்டையை வெட்டி அடுப்பெரித்தோம். நீங்களும் தட்டை நீட்டி வாங்கிச் சாப்பிட்டீர்கள், சாம்பார் நான்தான் ஊற்றினேன். அப்போது ரோடு கேவலமாகத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் அப்போது கரண்ட் ஆபீசில் ஃபோர்மேன், அந்த ஒன்றரை மாதத்தில் வீட்டுக்கு வந்தது நாலே நாள். கம்பம் கம்பமாக ஏறிக்கொண்டிருந்த மனுஷனைப் பார்த்து ‘வயசாச்சு, உட்காருங்க’ என்று அன்றைக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே?

சரி, காசுக்கு வருகிறேன். எல்லோருக்கும் வயிறு எரிவது அங்கேதான் என்று தெரியும். கேரவன் என்றதும் நடிகர்கள் படப்பிடிப்புக்குக் கொண்டுபோகும் ஏசி பஸ் என்று நினைத்துக்கொண்டீர்கள் போல. இது 2013 மாடல் ஆம்னி. கம்பெனி இந்த வண்டி செய்வதையே 2019இல் நிறுத்திவிட்டது. பழசாக ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரத்துக்கு வாங்கினோம். பின்சீட்டை மடக்கி, அதன்மேல் பிளைவுட் பலகை, அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை. வண்டியை வெட்டி ஒட்டவில்லை; அதற்கு ஆர்டிஓ ஒப்புதல் வாங்க வேண்டும். பலகையைத் தூக்கி வெளியே வைத்தால் பழையபடி வேன்தான். தனி பேட்டரி, ஒரு 12 வோல்ட் மின்விசிறி, ஒரு பல்பு, எல்லாம் இவரே வயர் இழுத்தார். ஜன்னலுக்குக் கொசுவலை நான் தைத்தது. ஓரம் முழுக்க வெல்குரோ வைத்து, வேண்டும்போது ‘டர்ர்’ என்று கிழித்து மாட்டுகிற மாதிரி. முப்பது வருஷம் ஊருக்கே ஜாக்கெட் தைத்த கைக்கு இது ஒரு மத்தியான வேலை. ஐந்து கிலோ சிலிண்டர், இருபது லிட்டர் தண்ணீர் கேன், ஒரு குக்கர். ராத்திரி வெளிச்சம் இருக்கும் பெட்ரோல் பங்க்கில் கேட்டுக்கொண்டு நிறுத்துவோம். அங்கே அடுப்புப் பற்றவைக்கிறோமா என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டிருந்தார். இல்லை ஐயா, கரண்ட் ஆபீஸ்காரருக்கு அந்த அளவுக்கு அறிவு உண்டு. பங்க்கில் தூக்கம் மட்டும்தான், சமையல் வேறு இடத்தில், வண்டிக்கு வெளியே. திருட்டு பயம் இல்லையா என்று கேட்பவர்களுக்கு: என் கழுத்தில் மஞ்சள் கயிறு, வேனில் ஒரு குக்கர். வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும்.

இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும், அதுதான் பாதிப் பேருக்கு ஆற்றாமை. இவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த காசு அது. திருக்கடையூர், மண்டபம், ஐயர், பந்தி, உங்களையெல்லாம் கூட்டிப்போக பஸ் என்று இரண்டு லட்சம் கணக்கு வந்தது. வேன் வாங்கலாம் என்று சொன்னது நான். ‘பாவம், அந்த மனுஷனை இழுத்துக்கிட்டு அலையுறா’ என்று எழுதினீர்களே, சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு ஆசையே இல்லையா என்றால், இருந்தது. இவர் நட்சத்திரத்தன்று வேனிலேயே திருக்கடையூர் போய் அர்ச்சனை மட்டும் செய்தோம். பிராகாரம் முழுக்க வரிசையாகக் கலசங்கள், மாலையும் கழுத்துமாகத் தம்பதிகள். ஒரு பெண் சல்லடையைப் பிடிக்க, அவள் அண்ணன் அப்பா அம்மா தலையில் தண்ணீர் ஊற்றினான். அம்மாக்காரி குளிரில் வெடவெடத்துக்கொண்டே சிரித்தாள். இவர் என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத முடியவில்லை, விடுங்கள்.

ஒரு தம்பி நியாயமான கேள்வி கேட்டிருந்தார். ‘தண்ணீர் இல்லாமல் திருப்பூருக்குப் போய்ப் பனியன் கம்பெனியில் நிற்பவர்களும் வீட்டைப் பூட்டிவிட்டுத்தானே போகிறார்கள், அவர்களுக்கு ஊர் சுற்றுவது பொழுதுபோக்கா?’ என்று. எங்கள் தெருவிலேயே நாலு வீடு அப்படிப் பூட்டிக் கிடக்கிறது. எங்களுக்குப் பென்ஷன் வருகிறது, ஒன்பது மா நிலத்துக்குக் குத்தகை வருகிறது. அவர்களுக்கு எதுவும் வராது. இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் தம்பி, வருஷா வருஷம் கொடைக்கானலில் ரூம் போடுகிறவர்களிடம் இதைக் கேட்டீர்களா? ஆம்னிக்காரியிடம் மட்டும் ஏன்?

அப்புறம் நான் ‘கடமை’ மறந்தவள் என்று ஒரு வார்த்தை வந்தது பாருங்கள். அதை எழுதியவர் யாராக இருந்தாலும் அதை அழித்திருக்கலாம்.

என் மாமியார் ஏழு வருஷம் படுக்கையில் கிடந்தார். ராத்திரி பதினொன்று, மூன்று, ஐந்து என்று மூன்று தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். அலாரம் வைத்துக்கூட எழுந்ததில்லை, அந்த நேரத்துக்குக் கண் தானாகத் திறந்துவிடும். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது, இன்றைக்கும் மூன்று மணிக்குத் திறக்கிறது. வேனில் படுத்திருந்தாலும் திறக்கிறது. அந்த ஏழு வருஷத்தில் நான் வேதாரண்யம் தாண்டியதில்லை. பிள்ளை சென்னை, பெண் பெங்களூர், இவர் ரிட்டயர்டு. ஒருநாள் சாயங்காலம் கூடத்தில் இவர் டிவி முன்னாலும் நான் மிஷின் முன்னாலும் உட்கார்ந்திருந்தோம். டிவி விளம்பரத்துக்கு நின்ற நேரத்தில் சுவர்க் கடிகாரச் சத்தம் கேட்டது. முப்பத்தொரு வருஷமாக அந்த வீட்டில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. மறுநாள்தான் வேன் பேச்சை எடுத்தேன்.

அதற்காக வேனில் எல்லாம் தேனும் பாலும் என்று சொல்லவில்லை. ஆம்னிக்கு எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். மாதேஸ்வரன் மலை ஏறும்போது கீழிருந்து வரும் சூட்டில் நான் இட்லி மாதிரி வெந்தேன். மேட்டூரில் ஒரு சின்ன விஷயத்துக்குப் பெரிய சண்டை. அப்போதுதான் தெரிந்தது, கோபித்துக்கொண்டு போய்ப் படுக்க அடுத்த ரூம் இல்லை. கதவை அறைந்து சாத்தலாம் என்றால் ஆம்னிக் கதவு பாதி வழியில் மாட்டிக்கொண்டது. இவர்தான் இறங்கி வந்து இழுத்துச் சாத்திவிட்டார். அதுவே பெரிய அவமானம். கழிப்பறைதான் இன்னும் கொடுமை. பங்க்கில் போய்க் கேட்டால் ‘சாவி இல்லம்மா’ என்பார்கள். காலையில் எங்கே போவது என்பதை வைத்துத்தான் ராத்திரி எங்கே நிற்பது என்றே முடிவு செய்வேன். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் முட்டிவலி வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் வலிக்கிறது.

சிவனசமுத்திரத்தில் இவரைப் பார்த்திருக்க வேண்டும். 1902இலேயே அங்கே காவிரித் தண்ணீரில் கரண்ட் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள் என்று சொல்லிக்கொண்டு, சாமி சந்நிதியில் நிற்கிற மாதிரி நின்றார். மண்டியா பக்கம் டீக்கடையில் ஒரு விவசாயி எங்கள் வண்டி நம்பரைப் பார்த்துவிட்டு, ‘நிமகே நீரு பந்தா?’ என்று கேட்டார். உங்களுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று. இவர் ‘வந்தது, வந்தது’ என்று தலையாட்டினார். அந்த மனுஷருக்கும் போர் வற்றிப்போய்விட்டதாம். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை.

தலைக்காவிரியில் பார்க்க ஒன்றுமில்லை, நிஜமாகவே ஒன்றுமில்லை. ஒரு குளம், அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு தொட்டி. எங்கள் வாசலில் நான் போடும் கோலத்தைவிடச் சின்னது. இதற்காகவா மாமனார் ஆயுசு முழுக்க மேற்கே பார்த்தார் என்று சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இவர் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டார். ‘நம்ம வாய்க்கால்ல ஊத்திடுறேன். கடைமடைக்கு நேரடி சப்ளை, இனிமே எவனையும் கேக்க வேண்டாம்’ என்றார். ஊற்றினார். கரையில் மாமனார் உட்காரும் அதே இடத்தில்.

இப்போது சொல்லிவிடுகிறேன். சொல்லக்கூடாது என்றுதான் ஆரம்பித்தேன்.

போட்டோ எடுத்தது என் கொழுந்தன். நான் கல்யாணமாகி வந்தபோது எட்டாவது படித்துக்கொண்டிருந்த பிள்ளை. அவனுக்குப் பள்ளிக்கூட டவுசர் தைத்ததுதான் அந்த வீட்டு மிஷினில் நான் தைத்த முதல் துணி. அவன் அம்மாவைத்தான் ஏழு வருஷம் புரட்டிப் படுக்கவைத்தேன். தீபாவளிக்குத் தீபாவளி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்துவிட்டுப் போவான். அதைக்கூட நான் இதுவரை குறையாகச் சொன்னதில்லை. கிண்டல் செய்ததும் பரவாயில்லை தம்பி, செய்துகொள். புரட்டாசியில் எடுத்த போட்டோவை மூன்று மாதம் போனில் வைத்திருந்து, பொங்கலுக்கு எல்லோரும் குரூப்பில் இருக்கும் நேரம் பார்த்துப் போட்டாயே, அதுவும் போகட்டும்.

கரூர் ரோட்டில் காலை ஏழு மணிக்கு எங்கள் வண்டியை அடையாளம் தெரிந்து, காரை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கிப் போட்டோ எடுத்திருக்கிறாய். ‘என்ன அண்ணி, இங்க?’ என்று இறங்கி வந்திருக்கலாம். உன் அண்ணன் அப்போது ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தார், கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அன்றைக்குப் பார்த்துப் பாலும் இரண்டு பாக்கெட் இருந்தது.