கிரானில் 'கோண்டா ஆக்டிவேட்' ஏன் ஓடாது
கோண்டா என்பது என்விரான்மென்ட்களை, அதாவது தனித்தனி பேக்கேஜ் தொகுப்புகளை, நிர்வகிக்கும் கருவி; அவற்றில் ஒன்றுக்கு மாறுவதற்கான கட்டளை 'கோண்டா ஆக்டிவேட்'. ஷெல்லை அதற்குத் தயார் செய்யும் 'கோண்டா இனிட்' ஒருமுறை ஓட்டிவிட்டால் 'கோண்டா ஆக்டிவேட்' எங்கும் வேலை செய்யும் என்று இந்தக் கட்டுரை சொல்வது, டெர்மினலில் உட்கார்ந்து தட்டுபவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். தனியாக ஓடும் ஒரு புரோகிராமால் தன்னைக் கூப்பிட்ட ஷெல்லின் (நாம் தட்டும் கட்டளைகளை ஓட்டும் புரோகிராமின்) பாத்தை, அதாவது புரோகிராம்களைத் தேடும் இடங்களின் பட்டியலை, மாற்ற முடியாது. அதனால்தான் ஆக்டிவேட் ஒரு ஷெல் ஃபங்ஷனாக வருகிறது. அதை ஏற்றும் வரிகளைத்தான் இனிட், பாஷ் ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் எழுதிவைக்கிறது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. எங்கள் இரவு நேர ஸ்கிரிப்ட் இதனால்தான் பாதியில் நின்றது. ஸ்கிரிப்டிலேயே பாஷ்ஆர்சியை சோர்ஸ் செய்தால் (படித்து ஓட்டவைத்தால்) போதும் என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார்; அதுவும் உபுண்டுவில் பலிக்காது: இன்டராக்டிவ் ஷெல் (ஆள் உட்கார்ந்து தட்டும் ஷெல்) இல்லையென்றால் அங்கே கோப்பின் தொடக்க வரிகளே, மீதியை ஓட்டாமல், திருப்பி அனுப்பிவிடும். ஸ்கிரிப்டில் கோண்டாவின் முழுப் பாதையைக் கொடுத்து, என்விரான்மென்ட் பெயரோடு 'கோண்டா ரன்' போடுங்கள், இனிட்டே தேவைப்படாது.