கம்பம் பக்கத்துக்காரர்கள் முதல் கார் வாங்கும்போது

கம்பம், கூடலூர், சின்னமனூர், போடி பக்கம் முதல் தடவையாகப் புதுக் கார் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்ஜெட் ஐந்திலிருந்து எட்டு லட்சம். வீட்டில் ஐந்து பேர். ஏலக்காய்த் தோட்டம், கடை, சொந்தபந்தம் என்று ஏதாவது ஒன்று மேலே கேரள மலைப்பக்கம் இருக்கும். குமுளிக்கோ வண்டன்மேட்டுக்கோ கட்டப்பனைக்கோ அடிக்கடி ஏறி இறங்க வேண்டியிருக்கும். இந்த மாதிரி வீட்டுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சின்ன உடம்பு, 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர், நடு வேரியன்ட். பெரிய ஜீப் மாதிரி தெரிகிற 1.0 லிட்டர் வண்டியின் டாப் மாடலுக்குக் கொடுக்கிற காசை இதில் போடுங்கள்.

ஏன் என்று கணக்காகவே பார்க்கலாம். வேகன் ஆர் ஒரே உடம்பில் இரண்டு இன்ஜினோடு வருகிறது, அதனால் ஒப்பிட வசதி. 998 சிசி இன்ஜின் 67 குதிரைத்திறன், 89 நியூட்டன் மீட்டர் இழுவிசை. 1197 சிசி இன்ஜின் 90 குதிரைத்திறன், 113 நியூட்டன் மீட்டர். வண்டியின் எடை எண்ணூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதில் பெரியவர்கள் ஐந்து பேர், அரிசி மூட்டை, தேங்காய், பைகள் என்று ஏற்றினால் நானூறு கிலோ வந்துவிடும். அதாவது வண்டி எடையில் பாதியைச் சுமையாக ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறோம். தேனி பைபாஸில் இரண்டு இன்ஜினுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி முதல் வளைவிலேயே தெரிந்துவிடும்.

உயரமும் ஒரு காரணம். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் இன்ஜின், ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். மேலே காற்றின் அடர்த்தி குறைவு, உள்ளே போகிற ஆக்சிஜனும் குறைவு. போடி சுமார் 350 மீட்டர், போடிமெட்டு சுமார் 1,400 மீட்டர். பதினேழு கொண்டை ஊசி வளைவு முடியும்போது 67 குதிரைத்திறன் அறுபதுக்குக் கொஞ்சம் கீழேயே போயிருக்கும். ஏசி ஓடினால் இன்னும் கொஞ்சம் போகும். அந்த இடத்தில் முன்னால் போகிற லாரியை ஓவர்டேக் பண்ண நினைத்தால் சக்தி பற்றாது. பாதியில் எதிரே பஸ் வந்துவிடும். பாதுகாப்பு என்றால் ஏர்பேக் எண்ணிக்கை மட்டும்தான் என்று நினைக்கிறோம். ஓவர்டேக்கைச் சட்டென்று முடிக்கிற இழுவையும் பாதுகாப்புதான்.

ஸ்விஃப்ட், கிராண்ட் ஐ10 நியோஸ், டியாகோ மூன்றின் 1.2 இன்ஜினும் 112 முதல் 114 நியூட்டன் மீட்டருக்குள் வருகின்றன. நியோஸில் நான்கு சிலிண்டர், மற்ற இரண்டிலும் மூன்று. மூன்று சிலிண்டரில் ஐடிலிங்கில் கொஞ்சம் அதிர்வு இருக்கும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பஞ்ச்சில் இருப்பது டியாகோவின் அதே 1199 சிசி இன்ஜின்தான். உடம்பு கனம், உயரம். அதனால் முழு ஆளோடு ஏற்றத்தில் டியாகோவைவிட மெதுவாகத்தான் ஏறும். ஆனால் தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கோ தோட்டத்துக்கோ கல்லும் பள்ளமுமான மண் பாதை இருந்தால் கணக்கு மாறும். பஞ்ச்சின் தரை இடைவெளி ஸ்விஃப்ட்டைவிட இருபது மில்லிமீட்டருக்கு மேல் அதிகம். அந்த இடைவெளிக்காக பஞ்ச் எடுக்கிறவர்களை நான் தவறு சொல்ல மாட்டேன். தோட்டத்துக்குள்ளேயே போக வேண்டுமென்றால் இந்த விலையில் எந்தக் காரும் வேண்டாம், அதற்கு ஜீப் இருக்கிறது.

நிஸான் மேக்னைட் டர்போ காருக்கு 100 குதிரைத்திறன், 160 நியூட்டன் மீட்டர். டர்போ என்பதால் உயரத்தில் சக்தி அவ்வளவாக இறங்காது. ஆனால் இன்ஜின் சுற்று நிமிடத்துக்கு இரண்டாயிரத்துக்குக் கீழே விழுந்தால் தூங்கிவிடும், வளைவில் கியரைச் சரியாக இறக்கத் தெரிய வேண்டும். கார் ஓட்ட இப்போதுதான் பழகியவர்களுக்கு சாதா 1.2 தான் எளிது.

சிஎன்ஜி, அதாவது இயற்கை எரிவாயுவில் ஓடும் கார் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். தினமும் தேனி, மதுரை என்று சமவெளியிலேயே ஓடுகிறவர்களுக்கு நல்லது. மலைக்கு வேண்டாம் என்பேன். ஸ்விஃப்ட் பெட்ரோலில் 82 குதிரைத்திறன், கேஸில் எழுபது. டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துவிடும். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். ஏற்றத்தில் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுவதென்றால் அதிகம் கொடுத்து வாங்கியதற்கு அர்த்தம் குறைந்துபோகும்.

ஏஎம்டி, அதாவது நாம் கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாற்றும் வண்டி, வேறு விஷயம். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் அதில் இருப்பதும் சாதாரண கிளட்ச்தான். நம் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது, அவ்வளவுதான். வளைவுக்கு முன் ஆக்சிலேட்டரை விட்டதும் அது மேல் கியருக்குப் போகப் பார்க்கும், திரும்பி மிதித்ததும் கியரை இறக்க ஒரு நொடி எடுக்கும். அந்த ஒரு நொடி வண்டி நின்ற மாதிரி இருக்கும். மலையில் லிவரை மேனுவல் பக்கம் தள்ளி, இரண்டாவதிலோ முதலாவதிலோ நீங்களே பிடித்து ஓட்டுங்கள். ஏற்றத்தில் டிராஃபிக் நின்றால் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடியே வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், பிரேக்கில் நிறுத்துங்கள். ஐயப்ப சீசனில் குமுளி ரோட்டில் வண்டி வரிசை நகர்ந்து நகர்ந்து போகும்போது கருகல் வாடை வருவது இப்படித்தான். மேனுவலிலும் இதே கதைதான்: ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைத் தொங்கவிட்டால் பிளேட் தேயும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியர் போட்டு, கிளட்ச் பிடிக்கிற இடம் வந்ததும் விடுவியுங்கள். ஏற்றத்தில் பின்னால் உருளாமல் தடுக்கும் ஹில் ஹோல்டு இருந்தால் இரண்டு நொடி பிடித்துக்கொள்ளும். புதிதாக ஓட்டுகிறவருக்கு அது பெரிய உதவி.

டெஸ்ட் டிரைவ் என்று ஷோரூமில் இரண்டு கிலோமீட்டர் நேர் ரோட்டில் கூட்டிப்போவார்கள். அது பத்தாது. வீட்டு ஆட்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய், ஏற்றத்துக்கு எடுத்துப்போக வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். ஏசியைப் போட்டுக்கொண்டு இருபது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாவது கியரில் வளைவுக்குள் நுழையுங்கள். அங்கிருந்து இழுக்கிறதா, முதல் கியர் கேட்கிறதா என்று பாருங்கள். ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுத்துப் பாருங்கள். வலது வளைவில் முன் கண்ணாடி ஓரத்துத் தூண் எதிரே வரும் வண்டியை மறைக்கிறதா என்பது பலர் கவனிக்காத விஷயம். ஒவ்வொரு காரிலும் அது வேறுபடும். ஓட்டப்போகிறவர் உயரம் குறைவென்றால் சீட்டை உயர்த்தும் வசதி இருந்தே ஆக வேண்டும். முடிந்தால் இருட்டிய பிறகு ஒரு தடவை ஹெட்லைட்டையும் பாருங்கள்.

வேரியன்ட் விஷயத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதைப் பிறகு வெளியே போட முடியுமா? ஸ்டீரியோ, சீட் கவர், மேட், ரிவர்ஸ் கேமரா, வீல் கப் எல்லாம் கம்பத்திலேயே போடலாம். ஏர்பேக், வண்டி வழுக்காமல் பிடிக்கும் இஎஸ்பி, சீட் உயரம் மாற்றும் வசதி, பின் கண்ணாடியில் பனி நீக்கும் கம்பி (டீஃபாகர்), இவற்றைப் பிறகு போட முடியாது, அல்லது போட்டால் உருப்படியாக இருக்காது. ஜூன், ஜூலையில் குமுளி மழையில் ஐந்து பேர் மூச்சு விட்டால் பின் கண்ணாடி வெள்ளையாகிவிடும். டீஃபாகரும் பின் வைப்பரும் சமவெளிக்காரருக்கு ஆடம்பரம், நமக்கு அவசியம். பல கார்களில் இவை பேஸ் மாடலில் வராது. அதனால்தான் நடு வேரியன்ட் என்கிறேன். சன்ரூஃபுக்காக அதற்கும் மேலே போக வேண்டாம். வெளியே எது போட்டாலும் ஒயரை வெட்டி ஒட்டாமல் கப்ளர் (செருகும் இணைப்பு) வைத்துப் போடச் சொல்லுங்கள். வெட்டினால் மின்பகுதி வாரன்டியைக் கேட்கப் போகும்போது மறுப்பதற்கு அதையே காரணமாகச் சொல்வார்கள்.

மோதல் சோதனை நட்சத்திரங்களைப் பாருங்கள். எந்த வருட மாடலுக்குக் கொடுத்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நம் நாட்டின் பாரத் என்கேப் 2023 அக்டோபரில்தான் தொடங்கியது, அதற்கு முந்தையவை குளோபல் என்கேப் கொடுத்தவை. பஞ்ச் 2021ல் ஐந்து நட்சத்திரம், டியாகோ 2020ல் நான்கு. வேகன் ஆர் 2023ல் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒன்றே ஒன்று. இப்போது அதில் ஆறு ஏர்பேக் வருகிறது, ஆனால் ஏர்பேக் கூடியதால் உடம்புக்கூடு பலமாகிவிடாது. எடுத்துக்காட்டுக்கு வேகன் ஆரைச் சொன்னேனே தவிர, குழந்தைகளோடு மலையில் போகிற வீட்டுக்கு என் கை டியாகோ பக்கம்தான் போகும்.

இனி காசு. நான்கு மீட்டருக்குள் நீளம், 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜின் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22க்கு முன் செஸ்ஸோடு 29 ஆக இருந்தது. 1197, 1199 என்று எல்லா இன்ஜினும் அந்தக் கோட்டுக்குள் நிற்பதற்குக் காரணம் இதுதான். அடுத்தது தமிழ்நாட்டு ஆயுள் வரி. ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, அதற்கு மேல் இருபது லட்சம் வரை 18. ஏழு லட்சம் காருக்கு 91,000 ரூபாய். டாப் மாடல் ஆசையில் 9.90 லட்சத்திலிருந்து 10.10க்குத் தாண்டினால் வரி மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஏறும். கூடவே ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து போகும்.

ஓணம் ஆஃபர் பார்த்து எல்லை தாண்டி வாங்குவது இங்கே வழக்கம். வாங்கலாம். ஆனால் பதிவு, நீங்கள் குடியிருக்கும் அல்லது வண்டி வழக்கமாக நிற்கும் மாநிலத்தில்தான் செய்ய வேண்டும். தற்காலிகப் பதிவில் கொண்டுவந்து தேனி மாவட்டத்து டிஎன் 60 போடுங்கள். மேலே இருக்கும் சொந்தக்காரர் முகவரியில் கேரளப் பதிவான கேஎல் 37 போட்டுவிட்டுக் கம்பத்தில் ஓட்டிக்கொண்டிருந்தால், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டி என்று சட்டப்படி மறுபதிவு செய்ய வேண்டும். தடையில்லாச் சான்று, இங்கே மறுபடியும் வரி, அங்கே கட்டியதைத் திரும்பக் கேட்டு அலைச்சல். ஆஃபரில் மிச்சமானது அதிலேயே போய்விடும்.

இன்சூரன்ஸ், ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குக் கட்டாயம்: ஆயிரம் சிசி வரை 6,521 ரூபாய், 1,500 சிசி வரை 10,640, வரி தனி. இது எங்கே எடுத்தாலும் ஒரே தொகை. சொந்தச் சேதத்துக்கான ஒரு வருடப் பகுதியில்தான் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும். அதே ஐடிவி (காருக்குக் காப்பீட்டில் போடும் மதிப்பு), அதே ஜீரோ டெப்ரிசியேஷன் (பாகத்துக்குத் தேய்மானம் கழிக்காத வசதி) வைத்து வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கி மேஜையில் வையுங்கள், விலை இறங்கும். ஹேண்ட்லிங் சார்ஜ், கட்டாய ஆக்சஸரீஸ் கிட், டெஃப்லான் கோட்டிங் மூன்றையும் பில்லிலிருந்து அடித்துவிடச் சொல்லுங்கள்.

கடனில் ஃப்ளாட் வட்டி, அதாவது கட்டிய அசலைக் கழிக்காமல் முழுக் கடனுக்கும் போடும் வட்டி, என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். ஆறு சதவீதம் ஃப்ளாட், ஐந்து வருடம் என்றால் குறையும் நிலுவைக் கணக்கில் கிட்டத்தட்ட பதினொன்று. ஆறு லட்சத்தை ஒன்பது சதவீதக் குறையும் நிலுவையில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதம் சுமார் 12,455, மொத்த வட்டி 1.47 லட்சம். ஏழு வருடமாக்கினால் மாதத் தவணை 9,650 ஆகும், வட்டி 2.1 லட்சத்தைத் தாண்டும்.

முழுப் பணம் கட்டும் முன், பதிவுக்கு அனுப்பும் முன், யார்டில் போய்ப் பகல் வெளிச்சத்தில் வண்டியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2625 என்றால் 2025ம் வருடம் 26வது வாரம். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். வண்டி தயாரான மாதமும் வருடமும் படிவம் 21ல் (விற்பனைச் சான்று) வரும். ஜனவரியில் டெலிவரி எடுக்கிறவர் போன வருடத்து வண்டியா என்று கேட்டே ஆக வேண்டும். விற்கும்போது விலை வருடத்தை வைத்துத்தான். பழைய ஸ்டாக் என்றால் அதற்குத் தள்ளுபடி கேளுங்கள், வாங்கினால் தவறில்லை.

வண்டி வந்ததும் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் ஏற்றி, அங்கிருந்து நேரே முழு ஆளோடு மலைக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. கோயிலுக்குப் போங்கள், மலையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் பிஸ்டன் வளையமும் கிளட்ச் பிளேட்டும் படிந்து வர வேண்டும். ஒரே வேகத்தில் பிடிக்காமல், மூன்றாயிரம் சுற்றுக்கு மேல் நீண்ட நேரம் போகாமல் சமவெளியில் ஓட்டி, முதல் சர்வீஸ் முடித்துவிட்டு ஏறுங்கள்.

இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியர். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கத்தை வீட்டில் யாருக்கும் பழக்காதீர்கள். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் இன்றைய இன்ஜினில் பெட்ரோல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு எரிகிறது. இந்த விலைக் கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். போடிமெட்டிலிருந்து ஆயிரம் மீட்டர் இறக்கத்தை பிரேக்கிலேயே பிடித்தால் பேட் சூடாகிப் பிடிப்பு குறையும், பெடல் கீழே போகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்தால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். அதனால் கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி, பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.