அடுப்பைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம்

ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் சமூக சமையற்கூடத்தைப் புதுப்பிக்கப் பணம் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் கமிட்டியில் முதலில் எழும் குரல், "பெரிய அடுப்பா ஒண்ணு வாங்கிடலாம்" என்பதுதான். கொடுப்பவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். புது அடுப்பு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், பக்கத்திலேயே பெயர்ப்பலகை மாட்டலாம். தரைக்கு அடியில் போகிற சாக்கடைக் குழாய்க்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

ஒரு சமையற்கூடத்தில் கூடமாட வேலை செய்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். அடுப்பு போதாமல் சாப்பாடு குறைந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. வைக்க இடமில்லாமல், நன்கொடையாக வந்த காய்கறியை வாசலோடு திருப்பி அனுப்பியதைத்தான் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

1996இல் ரோமில் கூடிய உலக உணவு மாநாடு உணவுப் பாதுகாப்புக்கு ஒரு வரையறை கொடுத்தது. எல்லா மக்களுக்கும், எல்லா நேரத்திலும், போதுமான, பாதுகாப்பான, சத்தான உணவு எட்டும்படி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுப்பு சமைக்கும் சாப்பாட்டின் அளவைக் கூட்டும், அவ்வளவுதான். வரத்து குறைந்த வாரத்திலும் பரிமாற முடிகிறதா, சாப்பிட்டவர் வயிறு கெடாமல் இருக்கிறதா என்பதெல்லாம் அடுப்பின் கையில் இல்லை.

பெரிய அடுப்பு இருந்தால் ஒரே தடவையில் நிறையச் சமைப்போம், அதனால் வரும் சிக்கலையும் சொல்ல வேண்டும். 5 டிகிரிக்கு மேல், 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் இருக்கும் சமைத்த உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்ததை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். ஓர் அண்டா நிறையக் கெட்டியான பருப்பை இறக்கி வைத்துப் பாருங்கள். மேலே ஆடை கட்டி ஆறிப்போன மாதிரி இருக்கும். நடுவில் தெர்மாமீட்டரை விட்டால், பல மணி நேரம் கழித்தும் வெதுவெதுப்பு போயிருக்காது. கொதியில் சாகாத வித்துகளை விட்டுவைக்கும் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு அந்தச் சூடு போதும். தோதான சூட்டில் அது சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சோற்றில் வரும் பேசில்லஸ் சீரியஸ் இன்னும் மோசம். அது உண்டாக்கும் ஒரு நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

அமெரிக்க உணவு விதிகளின்படி, எடுத்துவைக்கும் சமைத்த உணவின் சூட்டை 57 டிகிரி செல்சியஸிலிருந்து 21க்கு 2 மணி நேரத்திலும், அங்கிருந்து 5க்கு அடுத்த 4 மணி நேரத்திலும் இறக்கியாக வேண்டும். அண்டாவோடு ஃப்ரிட்ஜில் தூக்கி வைத்தால் இது நடக்காது, உள்ளே இருக்கும் மற்றதும் சேர்ந்து சூடாகும். அகலமான டிரேயில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்ப வேண்டும். கெட்டியான உணவில் ஆழத்தைப் பாதியாக்கினால் ஆறும் நேரம் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். டிரே, அதை அடுக்க ரேக், முடிந்தால் சூடான உணவை வேகமாகக் குளிரவைக்கும் பிளாஸ்ட் சில்லர் ஒன்று: என் பட்டியலில் முதல் இடம் இவற்றுக்குத்தான். அடுத்தது, வரும் பச்சைக் காய்கறிக்குத் தனியாக ஒரு குளிர் அறை.

"அப்போ ஏழைக்கு நேத்து சமைச்சதைத்தான் கொடுப்பீங்களா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சமைத்து, உடனே குளிரவைத்து, பிறகு சூடாக்கிப் பரிமாறுவது பெரிய மருத்துவமனைகளும் விமான நிறுவனங்களும் செய்வதுதானே. காசு கொடுத்துச் சாப்பிடுபவருக்கு ஏற்கத்தக்க முறை இங்கே மட்டும் எப்படி இழிவாகும்?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை கணக்கிட்டபடி, 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 28 சதவீதம் உணவகங்கள் உள்ளிட்ட உணவுச் சேவைத் துறையில். இவ்வளவு மிஞ்சுகிறபோது அதில் கொஞ்சமாவது நம் வாசலுக்கு வரும். வந்ததை வாங்கி வைக்க முடிகிறதா என்பதுதான் பிரச்சினை.

தண்ணீர், வடிகால் பற்றிச் சுருக்கமாக. கை கழுவும் தொட்டி, பாத்திரத் தொட்டியிலிருந்து தனியாக இருக்க வேண்டும். எண்ணெய்க் கழிவைப் பிடிக்கும் கிரீஸ் டிராப் சமையல் அளவுக்கு ஈடுகொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய் அடைக்கும் அன்றைக்கு அடுப்பு எத்தனை இருந்தும் பயனில்லை. எக்ஸாஸ்ட் போட்டால் புதுக்காற்று உள்ளே வரவும் வழி வைக்க வேண்டும்.

வாங்குவதோடு செலவு முடிந்துவிடாது, இதைத்தான் யாரும் பேசுவதில்லை. ஃப்ரிட்ஜின் சூட்டை வெளியே தள்ளும் கண்டன்சர் காயிலில் தூசி அடைந்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும். கதவு ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. கரண்ட் போனால், திறக்காமல் வைத்த ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம். அதற்கு மேல் ஜெனரேட்டர் வேண்டும். நன்கொடை வாங்கும்போதே பராமரிப்புக்கு ஒரு பங்கை ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டால் இரண்டாவது வருடம் அந்தக் குளிர் அறை சாமான் போட்டு வைக்கும் அறையாகிவிடும்.

கொட்டேஷன் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யலாம். வாசலில் ஒரு நோட்டு வையுங்கள். எதைத் திருப்பி அனுப்பினோம், எத்தனை கிலோ, இடம் இல்லையா, ஆள் இல்லையா, நேரம் இல்லையா என்று மூன்று மாதம் எழுதி வாருங்கள். அடுப்புதான் குறை என்று அதில் வந்தால், தாராளமாக அடுப்பையே வாங்குங்கள், நான் மறுபேச்சு பேசமாட்டேன்.