லேப் ஃபீஸையும் மவுஸில் கட்டிவிடலாமா?

அந்தத் திறப்பு விழாப் படத்தை நேற்று எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேபைக் காலி செய்து, இனி சோதனையெல்லாம் திரையில்தான் என்று கம்ப்யூட்டர் வரிசை போட்டு, ரிப்பன் வெட்டுகிறார்கள். "இனி கண்ணாடி உடையாது, ஆசிட் சிந்தாது" என்று பெருமை வேறு. சிந்தாதுதான். வேதியியலும் நடக்காது.

"சார் டெக்னாலஜிக்கு எதிரி" என்று கமெண்ட் போட வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். சோதனைகளைக் கம்ப்யூட்டரில் செய்துபார்க்க ஐஐடி டெல்லி ஒருங்கிணைக்கும் விர்ச்சுவல் லேப்ஸ் தளத்தை, பிராக்டிகலுக்கு முந்தைய நாள் பார்த்துவிட்டு வாருங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவன் நான். பார்த்துவிட்டு வந்து செய்ய ஒரு லேப் வேண்டாமா?

பெர்மாங்கனேட் டைட்ரேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். பியூரெட் என்கிற அளவுக் குழாயிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும்; இளஞ்சிவப்பு மறையாமல் நின்றால் வினை முடிந்தது என்று கணக்கு. சூடான ஆக்சாலிக் அமிலத்தில் முதல் சொட்டு விழுந்ததும் இளஞ்சிவப்பு உடனே போகாது. முடிந்துவிட்டது என்று பயந்து பியூரெட்டை மூடுவார்கள். கலக்கிக்கொண்டே காத்திருந்தால் மறையும். அப்புறம் விழுகிற சொட்டெல்லாம் சட்டென்று மறையும். வினையில் உருவாகிற மாங்கனீசு அயனியே வினையை வேகப்படுத்துகிறது. கந்தக அமிலம் குறைந்தால் பழுப்பாகக் கலங்கிவிடும். நான் பார்த்த சிமுலேஷன் எதிலும் எதுவும் கலங்கவில்லை. எல்லாருக்கும் ஒரே விடை!

கொரோனா காலத்தில் டிகிரி முடித்த ஒரு பெண், நல்ல மார்க், எம்.எஸ்சி.க்கு வந்தாள். கரைசலை அளந்து எடுக்கும் பிப்பெட்டைக் கையில் வாங்கி, "சார், இதில் எந்தப் பக்கம் கீழே?" என்றாள். பக்கத்தில் சிரித்தார்கள். அழுதுவிட்டாள். அப்போது கொரோனா, வேறு வழியில்லை. இப்போது என்ன நோய்?

லேபே இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு இது வரப்பிரசாதம் இல்லையா என்பீர்கள். இல்லாத இடத்தில் கொடுங்கள், கும்பிடுகிறேன். இருந்ததைப் பிடுங்கிவிட்டு அந்தப் பிள்ளைகள் பெயரைச் சொல்லாதீர்கள். விலங்கியலில் தவளை அறுப்பதை நிறுத்தவில்லையா என்றும் ஒருவர் கேட்டார். நிறுத்தியது சரிதான். பியூரெட்டுக்கு வலிக்காது ஐயா.

சரி, விஷயத்துக்கு வருவோம். எல்லாம் காசு. எங்கள் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தே, "சார், இது பழசு, ரிசல்ட் வராது" என்பார். ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டார்கள். அவர் இடத்துக்கு இன்றுவரை ஆள் இல்லை. கேட்டால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்." சிங்க் கழுவுவதும் நாங்கள்தான், கரைசல் தயாரிப்பதும் நாங்கள்தான். ஃபீஸ் ரசீதில் மட்டும் லேப் ஃபீஸ் அப்படியே இருக்கிறது.

ரிப்பன் வெட்டிய அந்தக் கல்லூரிக்கும் செமஸ்டர் முடிவில் பிராக்டிகல் தேர்வுக்கு எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராக, எங்களில் ஒருவரைத்தானே அனுப்பப் போகிறார்கள்? எதைப் பார்த்து மார்க் போடுவது, ஸ்கிரீன்ஷாட்டையா?